சிறுதொழில் வளர்ச்சிக்கு நிதி நிறுவனத்தை அணுகும் முறை: தேவையைக் கணக்கிடுவதிலிருந்து கடனைப் புதுப்பிப்பது வரை

ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு சிறுதொழிலை விரிவுபடுத்த நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. புதிதாகத் தொடங்குவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அவர்களிடம் கடந்த ஆண்டுகளின் கணக்கு இருக்காது என்பதால் நான்காம் படி மட்டும் மாறும்.

கடன் விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: நன்றாக நடக்கும் தொழில்களின் விண்ணப்பங்களே பல சமயம் தள்ளுபடியாகின்றன. எந்த வகைப் பணம் தேவை என்று பார்க்காமல், 'எவ்வளவு கிடைக்கும்' என்ற கேள்வியோடு முதல் நாளே கடன் அதிகாரியின் முன் உட்காருவதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றினால், பின்னால் வரும் படியில் செய்த வேலையை மீண்டும் செய்ய நேரிடும்.

1. தேவையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

விரிவாக்கம் என்று ஒரே சொல்லில் சொல்லப்படுவதற்குள் மூன்று வெவ்வேறு தேவைகள் இருக்கின்றன. எந்திரம், கட்டடம், வாகனம் போன்ற நிலைச் சொத்துகளுக்கான பணம் ஒன்று. கூடுதல் சரக்கு வாங்கவும், கூடுதலாகக் கடனுக்கு விற்கவும், சம்பளம் கொடுக்கவும் வேண்டிய நடைமுறை மூலதனம் மற்றொன்று. மூன்றாவது, பணமே கைமாறாமல் வங்கியின் வாக்குறுதி மட்டும் தேவைப்படும் இடங்கள்: ஒப்பந்தப் பணிக்கு வங்கி உத்தரவாதம் கேட்கிறார்கள், அல்லது வெளிநாட்டு விற்பனையாளர் கடனுறுதிக் கடிதம் (உரிய ஆவணங்களைத் தந்தால் விற்பவருக்குப் பணம் கொடுப்பதாக வங்கி எழுதித் தரும் உறுதி) கேட்கிறார்.

இவற்றைத் தனித்தனித் தாளில் எழுதுவது வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் நிதி நிறுவனங்கள் வெவ்வேறு கணக்கீட்டையும், வெவ்வேறு திருப்பிச் செலுத்தும் காலத்தையும், வெவ்வேறு பிணையையும் வைத்திருக்கின்றன. ஒரே தொகையாகச் சேர்த்துக் கேட்டால் அதைப் பிரிக்கும் வேலையை அதிகாரி தம் ஊகத்தின்படி செய்வார்.

புதியவர்கள் வழக்கமாக மறப்பது இரண்டாவது கூறை. எந்திரத்துக்கு விலைப்பட்டியல் இருக்கிறது, ஆகவே அது கண்ணில் படுகிறது. அந்த எந்திரம் ஓடத் தொடங்கியதும் இருமடங்கு மூலப்பொருள் கேட்கும் என்பதற்கு யாரும் விலைப்பட்டியல் அனுப்புவதில்லை.

2. நடைமுறை மூலதனத்தை நாள்களில் கணக்கிடுங்கள்

இந்தப் படியில் செலவிடும் நேரம் மற்ற எல்லாப் படிகளிலும் மிச்சமாகும். கையை விட்டுப் போன பணம் மீண்டும் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பதே கேள்வி.

ஓர் உற்பத்தித் தொழிலை எடுத்துக்கொள்வோம். மூலப்பொருள் 30 நாள் கிடங்கில் இருக்கிறது. உற்பத்தியில் 15 நாள் ஆகிறது. முடிந்த சரக்கு விலைபோகும் வரை 15 நாள். விற்ற சரக்குக்குப் பணம் வந்து சேர 45 நாள். ஆக 105 நாள். மூலப்பொருள் தருபவர் 30 நாள் தவணை கொடுக்கிறார் என்றால், மீதமுள்ள 75 நாளுக்கு உரிமையாளரே பணத்தைப் போட்டு வைத்திருக்க வேண்டும். ஆண்டின் இயக்கச் செலவு 73 லட்சம் என்றால் நாளொன்றுக்கு 20,000 ஆகிறது; 75 நாளுக்கு 15 லட்சம்.

இப்போது விற்பனை 40 விழுக்காடு உயர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் செலவு 28,000 ஆகும். தேவை 21 லட்சமாகும். இலாப விகிதம் சற்றும் குறையாமல், ஒரு வாடிக்கையாளர்கூட ஏமாற்றாமல், 6 லட்சம் கூடுதலாக முடங்குகிறது. ஆர்டர் குவியும் நேரத்தில் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் திணறும் தொழில்களின் உள்கணக்கு பெரும்பாலும் இதுதான்.

கடன் கேட்கும் முன் இதே கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது அவசியம். விற்ற சரக்குக்குப் பணம் வரும் காலத்தை 45 நாளிலிருந்து 30 நாளாகக் குறைக்க முடிந்தால், இடைவெளி 60 நாளாகிறது. 28,000 வீதம் 16.8 லட்சம் போதும். அதாவது 6 லட்சத்துக்குப் பதில் 1.8 லட்சம் கூடுதல் கடனிலேயே அந்த வளர்ச்சியைத் தாங்க முடியும். வசூலை முடுக்குவது எந்த வங்கிக் கடனைவிடவும் மலிவானது. அதை முயன்றுவிட்டு வந்தவர் என்பது விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கும் புரியும்.

இது தோராயக் கணக்கு. கிடங்கில் கிடக்கும் மூலப்பொருளில் கூலி இன்னும் சேரவில்லை என்பதால் உண்மைத் தேவை ஒருபுறம் குறையும். விற்பனையாளர் தரும் தவணை மூலப்பொருளின் மதிப்புக்கு மட்டுமே என்பதால் மறுபுறம் ஏறும். முதல் மதிப்பீட்டுக்கு இந்த அளவு துல்லியம் போதுமானது.

3. தேவையின் ஆயுளும் கடனின் ஆயுளும் பொருந்த வேண்டும்

நிலைச் சொத்துக்குக் காலக்கடன் உரியது. எந்திரத்தின் பயன்படும் ஆண்டுகளுக்குள் அசலும் வட்டியும் தவணையாக அடைய வேண்டும். எந்திரம் நிறுவி உற்பத்தி தொடங்கும் வரை அசல் தவணைக்கு விடுப்புக் காலம் கேட்கலாம். விடுப்புக் காலத்தில் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஏறி இறங்கும் நடைமுறைத் தேவைக்கு ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேலும், ஒப்புக்கொண்ட வரம்பு வரை எடுக்கும் வசதி) அல்லது சரக்கின்மேல் தரப்படும் சுழல்கடன் பொருந்தும். எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாளுக்கு மட்டுமே பெரும்பாலும் வட்டி என்பது இதன் வசதி.

இந்த இரண்டையும் மாற்றிப் பயன்படுத்துவதே நான் காணும் மிகக் கடுமையான தவறு, அது நிகழும் விதமும் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஓவர்டிராஃப்ட் கணக்கில் இடம் இருக்கிறது. எந்திரம் தள்ளுபடி விலையில் வருகிறது. காலக்கடன் ஒப்புதலாக வாரங்கள் ஆகும். ஆகவே அந்தக் கணக்கிலிருந்தே எந்திரத்துக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. அடுத்த மாதம் மூலப்பொருள் வாங்க வரம்பில் இடமில்லை. புதிய எந்திரம் பாதி நேரம் சும்மா நிற்கிறது. எந்திரம் ஐந்தாண்டில் ஈட்டித் தர வேண்டிய பணத்தை, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும், வங்கி விரும்பினால் திரும்பக் கேட்கக்கூடிய ஒரு கணக்கு சுமந்துகொண்டிருக்கிறது. கணக்கு எப்போதும் வரம்பின் உச்சியிலேயே நிற்பதைப் பார்க்கும் வங்கி, வரம்பை உயர்த்தக் கேட்கும்போது மறுக்கிறது.

இதன் மறுபக்கத் தவறு சற்று மென்மையானது. நடைமுறை மூலதனத்துக்குக் காலக்கடன் வாங்கினால், கடன் மாதாமாதம் கரைகிறது, சரக்குத் தேவையோ அப்படியே இருக்கிறது. சில மாதங்களில் மீண்டும் கடன் கேட்க வேண்டியிருக்கும்.

வேறு சில வழிகளும் உண்டு. பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு விற்றுப் பணத்துக்காகக் காத்திருப்பவர்கள், அந்த இன்வாய்ஸ்களின் மேல் முன்பணம் தரும் ஃபேக்டரிங் நிறுவனங்களை அணுகலாம். அங்கே உங்கள் சொத்தைவிட, பணம் தர வேண்டியவரின் நாணயமே முதன்மையாகப் பார்க்கப்படும். வாங்கியவர் பணம் தராவிட்டால் முன்பணத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டுமா என்பதை ஒப்பந்தத்தில் முதலில் தேடிப் படியுங்கள். ஃபேக்டரிங் கட்டணம் பெரிதும் அதைப் பொறுத்தே ஏறி இறங்கும். எந்திரத்தையோ வாகனத்தையோ லீசிங் முறையில் (குத்தகைக்கு) எடுத்தால், அந்தப் பொருளே பிணையாக அமைவதால் தனிச் சொத்து ஈடு பெரும்பாலும் தேவைப்படாது.

ஏற்றுமதி, இறக்குமதி செய்வோர் கடனுறுதிக் கடிதத்தை, அதாவது எல்.சி.யை, எளிதாக எண்ணிவிடக் கூடாது. பன்னாட்டு வணிகச் சங்கம் வெளியிட்டு 2007 முதல் நடைமுறையில் உள்ள யூ.சி.பி. 600 விதிகளின்படி, வங்கிகள் ஆவணங்களை மட்டுமே பார்க்கும், சரக்கைப் பார்க்காது. எல்.சி.யில் வேறு காலம் குறிப்பிடப்படாவிட்டால், சரக்கு ஏற்றிய 21 நாளுக்குள் மூலப் போக்குவரத்து ஆவணம் உள்ளிட்ட ஆவணங்கள் வங்கியை அடைய வேண்டும். அவை சரியா என்று தீர்மானிக்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி நாள்கள் உண்டு. சரக்கு நேர்த்தியாகச் சென்று சேர்ந்தும், சரக்கேற்றிய நாளோ அளவோ ஓர் ஆவணத்தில் மாறியிருந்ததால் பணம் நின்றுபோன கதைகள் இத்துறையில் ஏராளம். எல்.சி. கைக்கு வந்த அன்றே, அதில் கேட்கப்பட்டுள்ள ஒவ்வோர் ஆவணத்தையும் தம்மால் தர முடியுமா என்று பார்த்து, முடியாதவற்றைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். சரக்கேற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

4. விண்ணப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே வங்கிக் கணக்கைச் சீராக்குங்கள்

ஆடிட்டர் தயாரித்த இலாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் கொடுத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கடன் அதிகாரி அவற்றோடு வங்கி ஸ்டேட்மென்டையும் வைத்து வரிவரியாக ஒப்பிடுகிறார். விற்பனை 80 லட்சம் என்று கணக்கு சொல்ல, வங்கியில் 35 லட்சம்தான் வரவாகியிருந்தால், மீதி 45 லட்சம் ரொக்கமாக வந்தது என்ற விளக்கம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் கடனுக்குப் பயன்படாது.

ஆகவே விற்பனைப் பணம் முழுவதையும் கணக்கின் வழியே கொண்டுவருவதும், வீட்டுச் செலவுக்குத் தனிக் கணக்கு வைப்பதும், காசோலை திரும்பாமல் பார்த்துக்கொள்வதும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆண்டிலேயே தொடங்க வேண்டிய வேலைகள். விண்ணப்பிக்கும் வாரத்தில் நண்பர்களிடம் கைமாற்று வாங்கி இருப்பை உயர்த்திக் காட்டுவதை அதிகாரிகள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். சராசரி இருப்பும் வரவின் மூலமும்தான் பார்க்கப்படுகின்றன.

வரியைக் குறைக்க இலாபத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, வங்கியிடம் 'உண்மையில் இதைவிட அதிகம்' என்று சொல்வது வேலைக்காகாது. கையெழுத்திட்டுக் கொடுத்த கணக்கின்மேல் மட்டுமே அதிகாரியால் பரிந்துரை எழுத முடியும். இலாபத்தை முழுமையாகக் காட்டிய கணக்குகள் கையில் வந்த பின்னரே பெரிய கடனுக்குப் போவது நல்லது.

தம் பெயரிலும் தொழிலின் பெயரிலும் உள்ள கடன் வரலாற்று அறிக்கையை முன்கூட்டியே எடுத்துப் பார்க்க வேண்டும். அடைத்து முடித்த கடன் நிலுவையாகக் காட்டப்படுவதும், பிறருக்குப் போட்ட ஜாமீன் மறந்துபோன நிலையில் அதில் தலைகாட்டுவதும் உண்டு. திருத்தக் காலம் பிடிக்கும்.

கடந்தகாலக் கணக்கில்லாத புதிய தொழில் என்றால், உறுதியான ஆர்டர் கடிதங்கள், துறையில் பெற்ற பணி அனுபவத்துக்கான சான்றுகள், தம் சொந்த முதலீடு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம் ஆகியவை அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

5. திருப்பிச் செலுத்தும் திறனை நீங்களே சோதியுங்கள்

கடன் அதிகாரி போடும் கணக்கை முன்பே போட்டுவிட்டால், எவ்வளவு கேட்கலாம் என்பது தெரிந்துவிடும். நிகர இலாபம் 6 லட்சம், தேய்மானம் 2 லட்சம், கடன் வட்டி 2 லட்சம் என்றால், கடனை அடைக்கக் கிடைப்பது 10 லட்சம். தேய்மானத்தைக் கூட்டுவதற்குக் காரணம், அது கணக்கில் செலவாக எழுதப்பட்டாலும் பணமாக வெளியே போகவில்லை என்பதே. ஆண்டுக்கு அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டியது 8 லட்சம் என்றால் விகிதம் 1.25. இதைத்தான் டி.எஸ்.சி.ஆர்., அதாவது கடனை அடைக்கும் திறனின் விகிதம், என்கிறார்கள்.

விகிதம் 1 என்றால் ஈட்டுவதெல்லாம் கடனுக்கே போகிறது, ஒரு வாடிக்கையாளர் தாமதித்தாலும் தவணை தவறும் என்று பொருள். 1.25-க்குக் கீழே வந்தால் கடன் காலத்தை நீட்டிக் கேட்பதா, தொகையைக் குறைப்பதா, சொந்த முதலீட்டைக் கூட்டுவதா என்று இந்தப் படியிலேயே முடிவெடுங்கள். பங்குதாரர் சேர்த்துக்கொள்வதும் ஒரு வழிதான். தவணைச் சுமை இல்லாத பணம் அது, ஆனால் நிர்வாகத்தில் பங்கு கேட்கும்.

விற்பனை எதிர்பார்த்ததைவிட 20 விழுக்காடு குறைந்தால் இந்த விகிதம் என்னவாகும் என்பதையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

6. நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

வணிக வங்கியில் வட்டி குறைவு, ஆவணம் அதிகம், காலமும் அதிகம். கூட்டுறவு வங்கிகள் உறுப்பினரை அறிந்திருப்பதால் சிறிய தொகைகளில் நெகிழ்வாக நடந்துகொள்ளலாம். நுண்நிதி நிறுவனங்கள் பிணையில்லாமல் தருகின்றன. தொகை சிறியது, தவணை வாரமோ மாதமோ இடைவிடாது வரும். இணையவழிக் கடன் நிறுவனங்கள் ஸ்டேட்மென்டைப் பார்த்து விரைவில் முடிவெடுக்கின்றன. அந்த வேகத்துக்கான விலை வட்டியில் இருக்கும்.

வளர்ச்சி நிதி நிறுவனங்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் போன்றவை பெரும்பாலும் சிறுதொழில்களுக்கு நேரடியாகக் கடன் தருவதில்லை. வங்கிகளுக்கும் பிற இடைநிலை நிறுவனங்களுக்கும் நிதி தந்து, அவற்றின் வழியே சிறுதொழில்களைச் சென்றடைகின்றன. அத்தகைய திட்டம் எந்த வங்கிக் கிளையில் நடக்கிறது என்று விசாரிப்பதே பயனுள்ள கேள்வி.

கடன் உத்தரவாதத் திட்டங்களும் இவ்வாறே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. பிணை போதாத தொழிலுக்கு வங்கி துணிந்து கடன் தர அவை உதவுகின்றன. ஆனால் அந்த உத்தரவாதம் காப்பது கடன் கொடுத்தவரை. தவணை தவறினால் வங்கிக்கு இழப்பின் ஒரு பகுதி கிடைக்கும். கடன் வாங்கியவரின் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது.

ஒரே வாரத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பிக்காதீர்கள். கடன் வரலாற்று நிறுவனங்கள் இயங்கும் நாடுகளில் ஒவ்வொரு விசாரிப்பும் பதிவாகிறது. பல கதவுகளைத் தட்டியவர் நெருக்கடியில் இருக்கிறார் என்று அடுத்தவர் கொள்வார்.

7. விண்ணப்பமும் கள ஆய்வும்

விண்ணப்பத்தோடு இரண்டு பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஒன்று இருக்கட்டும்: என்ன தொழில், யாருக்கு விற்கிறீர்கள், எவ்வளவு எதற்கு, எப்படித் திரும்பும். இரண்டாம் படியிலும் ஐந்தாம் படியிலும் போட்ட கணக்குகள் இங்கே அப்படியே வந்து சேரும். இந்தக் குறிப்பு நேரில் பார்த்த அதிகாரியோடு நிற்காமல், உங்களைப் பார்த்தே இராத மேலதிகாரியின் மேசைக்கும் போகும் என்பதால்தான் எழுத்தில் வேண்டும்.

குறைகளை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். விற்பனையில் 60 விழுக்காடு ஒரே வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்றால், அவருடனான ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்பதையும், மாற்று வாடிக்கையாளர்களைத் தேடும் திட்டத்தையும் சேர்த்தே எழுதலாம். அதிகாரி தாமே கண்டுபிடித்தால், வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார் என்ற கேள்வி எழும்.

கள ஆய்வுக்கு வருபவர் கிடங்கில் பெரும்பாலும் தூசியைப் பார்ப்பார். நெடுநாள் நகராத சரக்கு ஐந்தொகையில் முழு மதிப்போடு நிற்கிறதா என்பதே அவருடைய ஐயம். விலைபோகாத சரக்கை முன்பே மதிப்புக் குறைத்து எழுதிவிடுவது நேர்மையானது, பாதுகாப்பானதும்கூட.

8. ஒப்புதல் கடிதத்தைக் கையெழுத்திடும் முன் படியுங்கள்

முதலில் வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். தொடக்க அசல் முழுவதுக்கும் கடைசி வரை வட்டி போடும் நிலை வட்டி முறையில் 10 விழுக்காடு என்று சொல்லப்படும் மூன்றாண்டுக் கடன், மாதத் தவணையில் அடைக்கப்படும்போது, குறையும் அசலின்மேல் கணக்கிட்டால் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்குச் சமம். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறையாததே காரணம். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, பத்திரச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முறைக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

அடுத்து, சொந்த ஜாமீன். தொழில் கம்பெனியாகப் பதிவாகியிருந்தாலும், உரிமையாளர் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்திட்டால் கம்பெனிக்கும் தமக்கும் இடையே இருந்த பாதுகாப்பு அந்தக் கடனைப் பொறுத்தவரை போய்விடுகிறது. ஜாமீன் தொகைக்கு உச்சவரம்பு உண்டா, இனி வாங்கப்போகும் கடன்களுக்கும் அது நீளுமா என்று கேளுங்கள். கூட்டாளிகள் சேர்ந்து கையெழுத்திட்டால், முழுத் தொகையையும் எவரிடமிருந்தும் வசூலிக்க வங்கிக்கு உரிமை இருக்கிறதா என்பதைக் கேட்காமல், தம் பங்கு மட்டும் என்று எண்ணிக்கொள்பவர்கள் அதிகம்.

முன்கூட்டி அடைத்தால் கட்டணம் எவ்வளவு, வேறு வங்கியில் கடன் வாங்க முன் அனுமதி தேவையா, எந்த விகிதத்துக்குக் கீழே போனால் கடனைத் திரும்பக் கேட்பார்கள் என்பவற்றைத் தனித்தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துக்கு முன் இவற்றில் சிலவற்றைப் பேசி மாற்ற முடியும்.

9. பணம் வந்த பிறகு

எந்திரக் கடனில் பணம் பெரும்பாலும் விற்பனையாளருக்கே நேராகப் போகும். சுழல்கடனில் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது, அங்கேதான் தடுமாற்றமும் அதிகம். ஒப்புதலான வரம்பு 15 லட்சம் என்றாலும் 15 லட்சமும் எடுக்க முடியும் என்று கொள்ளக் கூடாது. எடுக்கக்கூடிய தொகை மாதந்தோறும் தரும் சரக்கு அறிக்கையைப் பொறுத்தது.

எடுத்துக்காட்டாக, சரக்கு 12 லட்சம், அதில் விற்பனையாளருக்கு இன்னும் கொடுக்க வேண்டியது 4 லட்சம். மீதி 8 லட்சத்தில் 25 விழுக்காடு கழித்தால் 6 லட்சம். வரவேண்டிய பாக்கி 10 லட்சம், அதில் 90 நாள் தாண்டிய 2 லட்சம் ஏற்கப்படாது. மீதி 8 லட்சத்தில் 40 விழுக்காடு கழித்தால் 4.8 லட்சம். மொத்தம் 10.8 லட்சம்தான். கழிக்கும் விகிதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்கிடும் வழி ஏறக்குறைய இதுவே. பழைய பாக்கியை வசூலிக்காமல் விட்டால் அந்தப் பணமும் வருவதில்லை, அதன்மேல் கிடைக்கும் கடனும் சுருங்குகிறது.

தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள். வங்கிகள் பன்னாட்டளவில் பின்பற்றும் பாசல் விதிமுறைகளில் 90 நாளுக்கு மேல் நிலுவையில் நிற்கும் கடன் பொதுவாகத் தவறிய கடனாகவே கொள்ளப்படுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு முன் தவணையை மாற்றியமைக்கக் கிளை அதிகாரிக்குக் கூடுதல் இடமிருக்கும். தாண்டிய பின் கோப்பு பெரும்பாலும் வசூல் பிரிவுக்குப் போய்விடும், அங்கே உங்கள் தொழிலை அறிந்தவர் எவரும் இருக்கமாட்டார்.

சுழல்கடன் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதிய கணக்குகளைக் கொடுத்துவிடுங்கள். அதோடு, கடந்த ஆண்டு விண்ணப்பத்தில் சொன்ன விற்பனையையும் உண்மையில் நடந்த விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபாட்டுக்கான காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தருவது நல்ல வழக்கம். வரம்பை உயர்த்தக் கேட்கும் கோரிக்கையை அந்தப் பக்கத்தின் கீழேயே சேர்த்துவிடலாம்.